துரைசாணியின் கடல்தண்ணீர்த் தொட்டியும் நான் சொன்ன பொய்யும்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை வட்டகொடையில் பெண்ணைப் பார்த்துவிட்டு ரயிலில் திரும்பி வரும்போது, "என்னம்மா, ஒங்களுக்கு ஒடம்பெல்லாம் நடுங்குது, குளுருதா?" என்று கேட்டாய். ஆமாம் என்று சொல்லி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அது குளிரில்லை, பயம். அன்றைக்குத் தொடங்கியது இன்னும் விடவில்லை. உன் கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன் என்று சொல்லியனுப்பினேன். நீ துடித்துப்போய்க் காரணம் கேட்டுப் பதில் அனுப்பியிருக்கிறாய். பெண்ணைப் பிடிக்கவில்லையா என்று கேட்கிறாய். அந்தப் பிள்ளையை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. பிள்ளைமடுவத்தில் முப்பது குழந்தைகளை வைத்துச் சமாளிக்கிறவள், உன்னையும் சமாளித்துவிடுவாள். காரணம் வேறு. நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. ஐந்தாவது வரைக்கும் படித்த எழுத்தை வைத்துக்கொண்டு மூன்று நாளாக இதை எழுதுகிறேன்.

உன் மாமனாராகப் போகிறாரே வேலாயுதம், அவரை நான் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அட்டன் பக்கத்துத் தோட்டத்தில் நான் துரை பங்களாவில் வீட்டு வேலை பார்த்தபோது, அதே பங்களாவில் பூந்தோட்ட வேலை பார்த்தவர் அவர். உனக்கு அப்போது பத்து வயது இருக்கும், அவரை ஞாபகம் இருக்காது. உன் அப்பா காய்ச்சலில் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பங்களாவுக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் நீயும் நானும் இருந்தோம். அந்த வேலை போனால் அந்த அறையும் போய்விடும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று அப்போது எல்லார் வயிற்றிலும் இருந்தது. பிரஜாவுரிமைக்கு மனுப் போடச் சொல்லி ஊரே ஓடிக்கொண்டிருந்த காலம். இத்தனை வருஷமாக இந்தத் தோட்டத்தில்தான் இருக்கிறார்கள் என்று துரை கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்தால்தான் மனு நிற்கும். உனக்கும் எனக்குமான அந்தக் கடிதம் துரையின் மேசையில் கையெழுத்துக்காகக் கிடந்தது. தினமும் அந்த மேசையைத் துடைக்கிறவள் நான். துடைக்கும்போதெல்லாம் கையெழுத்து விழுந்துவிட்டதா என்று பார்ப்பேன். விழுந்திருக்காது.

துரைசாணிக்குப் பிள்ளை இல்லை. அவள் வைத்திருந்ததெல்லாம் ஒரு கண்ணாடித் தொட்டி. இரண்டடி நீளம் இருக்கும். உள்ளே கடல் மணல், கடல் கல், கடல் தண்ணீர். தண்ணீரைப் பெரிய கண்ணாடி ஜாடிகளில் அடைத்து, வைக்கோல் சுற்றி, கொழும்பிலிருந்து ரயிலில் ஏற்றி அட்டனுக்கு அனுப்புவார்கள். தோட்டத்து லொறி போய் எடுத்து வரும். நம் மலைக்குளிர் அந்த மீன்களுக்கு ஆகாது என்பதால் ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் சூட்டுக் கம்பி வைத்துத் தண்ணீருக்குள் இறக்கியிருந்தார்கள். காற்றடிக்கிற சின்ன மிஷின் ஒன்று ராப்பகலாக உறுமிக்கொண்டிருக்கும். பெக்டரியிலிருந்து வருகிற கரண்ட் நின்றால் நான் ஓடிப்போய்த் தொட்டியைக் கம்பளியால் சுற்ற வேண்டும். தண்ணீர் வற்றினால் உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது. மழைத்தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து, கண்ணாடியில் போட்டிருக்கும் கோடு வரைக்கும்தான் ஊற்ற வேண்டும். உப்பு காற்றில் போவதில்லை, தண்ணீர்தான் போகிறது என்று அவள் எனக்குச் சொல்லித் தந்தாள். இதெல்லாம் என் பொறுப்பு. வேறு யாரும் அந்தத் தொட்டியில் கை வைக்கக் கூடாது.

உள்ளே இருந்தவை மூன்று மீன். மூன்றும் அடியிலேயே குடியிருக்கிறவை. ஒன்று உளுவை. அது ஒரு சின்ன இறாலோடு ஒரே வளையில் இருந்தது. இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது. அது பாட்டுக்கு மணலை அள்ளி அள்ளி வெளியே தள்ளும். உளுவை வாசலில் நின்று காவல் காக்கும். இறால் தன் மீசையை எப்போதும் உளுவையின் மேல் தொட்டுக்கொண்டே இருக்கும். ஆள் நிழல் விழுந்தால் உளுவை வாலை ஆட்டும், இரண்டும் உள்ளே போய்விடும். இன்னொன்று பாறைமேல் முன்துடுப்பை ஊன்றி உட்கார்ந்துகொண்டு எல்லாரையும் முறைத்துப் பார்க்கும். நான் அதற்குக் கங்காணி என்று பேர் வைத்திருந்தேன். துரைசாணிக்கு அந்தப் பேர் ரொம்பப் பிடிக்கும். மூன்றாவது, பெரிய வாய்க்காரன். வாயாலேயே மணலைத் துப்பித் துப்பிக் கிணறு மாதிரி நேராகக் குழி தோண்டி, தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

அவள் சும்மா மூன்று மீனைப் போட்டுவிடவில்லை. ரொம்ப யோசித்துத்தான் போட்டாள். "சின்ன வீடு, ஆயா. கீழே எடம் கொஞ்சம்தான். ஒரே ஜாதி ரெண்டு போட்டா சண்டை, ஒண்ணு செத்துப்போகும்" என்பாள். ஒன்று மணலில் வளை தோண்டுகிறது, ஒன்று குழி தோண்டுகிறது, ஒன்று கல்லில் உட்காருகிறது. ஆளுக்கு ஓர் இடம் என்பதால் ஒருவர் வாசலுக்கு ஒருவர் போகிற வேலை இல்லை. மூன்றில் கூச்சம் அதிகமான உளுவையை முதலில் விட்டு, அது வளை பிடித்து ஒரு மாதம் ஆன பிறகுதான் முரடனான கங்காணியை விட்டாள். தீனியை நடுவில் கொட்டக் கூடாது. இறால் சதையைப் பொடியாக நறுக்கி, மூங்கில் குச்சி நுனியில் குத்தி, அவரவர் வாசலில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நடுவில் போட்டால் கங்காணியே எல்லாவற்றையும் தின்றுவிட்டு அடுத்தவனையும் விரட்டும். உனக்குத் தோட்டத்தில் இரண்டு அறைதான் கொடுத்திருக்கிறார்கள். நாளைக்கு அந்தப் பிள்ளையின் தம்பியும் உங்களோடு வந்து இருப்பான் போலிருக்கிறது. அவளுக்கென்று ஒரு மூலையை முதலில் ஒதுக்கிக் கொடு. அவள் பொருளை அவள் வைத்த இடத்தில் இருக்க விடு. புது வீட்டில் அவள் பேசாமல் இருந்தால் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதே. நான் கண்ணால் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன், இடம் பிடிக்க நாள் ஆகும்.

அந்த வருஷம் மழை விட்டதும் கொழும்பிலிருந்து தண்ணீரோடு ஒரு வாளிக் கல்லும் வந்தது. யாரோ மீன்காரர்கள் கடலுக்கடியிலிருந்து பொறுக்கியது. பாசியும் பூவுமாகப் பார்க்க அழகாக இருந்தது. துரைசாணி ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்துத் தொட்டியில் அடுக்கினாள். கடைசியாக, கைமுஷ்டி அளவில் மேடும் பள்ளமுமாக ஒன்று. அதை இடது மூலையில் வைத்துவிட்டு, தள்ளி நின்று பார்த்து, "இதுதான் எல்லாத்திலும் நல்லது" என்று சந்தோஷப்பட்டாள்.

ஒரு வாரம் கழித்துக் காலையில் தீனி கொடுக்கப் போனால் கங்காணி இல்லை. கல் சந்தெல்லாம் பார்த்தேன். தொட்டிக்கு வெளியே குதித்துக் காய்ந்து கிடக்கிறதா என்று தரையெல்லாம் தடவினேன். இல்லை. செத்திருந்தால் மிதக்க வேண்டும், அதுவும் இல்லை. மூன்றாம் நாள் குழிக்குள்ளிருந்தவனைக் காணோம். குழி மட்டும் வாயைத் திறந்துகொண்டு இருந்தது. துரைசாணி அந்தக் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். என் ஒருத்தியின் பொறுப்பில் இருந்த இடத்தில் இரண்டு உயிர் காற்றில் கரைந்த மாதிரிப் போய்விட்டது. யார் நம்புவார்கள்?

துரை எங்கள் எல்லாரையும் பின்முற்றத்தில் வரிசையாக நிற்க வைத்தார். சமையல்காரர், நான், வேலாயுதம், தண்ணீர் தூக்குகிறவர். துரை பேசுகிற தமிழ் உனக்கு ஞாபகம் இருக்கும், எல்லாரும் நீதான், எல்லாம் அதட்டல்தான். நேரே என்னிடம் வந்தார். "மீன் நீதானே பாக்குறது? நீ எடுத்ததா?"

"இல்லீங்க தொரை. சத்தியமா இல்லீங்க."

"அப்ப யாரு? பொய் பேசினா ஒனக்குப் பத்துச்சீட்டு. இன்னைக்கே."

பத்துச்சீட்டு என்றால் உனக்குத் தெரியும். வேலையை விட்டு நீக்குகிற சீட்டு. அது கைக்கு வந்தால் அறையைக் காலி செய்ய வேண்டும், அந்தக் கடிதத்தில் கையெழுத்தும் விழாது. நான் உன்னை நினைத்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பூட்டிய அறைக்கு முன்னால் பையோடு நீ நிற்பது மாதிரி கண்ணுக்குத் தெரிந்தது. அன்றைக்கு முதல்நாள் பூச்சாடிக்குப் பூ வைக்க வந்த வேலாயுதம் தொட்டிக்கு முன்னால் குனிந்து நின்று, உளுவையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கையைப் பின்னால் கட்டியிருந்தார், தம்பி. எனக்கு நன்றாகத் தெரியும், பின்னால் கட்டியிருந்தார். நான் சொன்னேன், "நேத்து வேலாயுதம் தொட்டிக்குள்ள கையை விட்டதப் பாத்தேங்க தொரை."

வேலாயுதம் என் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. என் குரல் மெதுவாக இருந்ததால் அவர் காதில் விழவில்லை. துரை அவர் பக்கம் போய்க் கத்தியபோது, "அய்யோ இல்லீங்க தொரை, நான் பாக்க மட்டுந்தான் செஞ்சேன்" என்று கும்பிட்டார். அதையே துரை குற்றத்தை ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொண்டார். இரண்டு நாளில் அவர் குடும்பம் லயத்து வீட்டைக் காலி செய்தது. ஒரு பெட்டி, இரண்டு மூட்டை, இடுப்பில் ஒரு பெண் குழந்தை. போகும்போது பங்களாப் பக்கம் வந்து என்னிடம், "அக்கா, எவனோ எம்மேல சொல்லிப்புட்டான். நான் ஒண்ணும் பண்ணலக்கா, ஒங்களுக்குத் தெரியும்ல?" என்று கேட்டார். தெரியும் என்று தலையை ஆட்டினேன். அந்தக் குழந்தைதான் இன்றைக்கு நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்.

அவர்கள் போன நாலாம் நாள் உளுவையும் போய்விட்டது. இறால் மட்டும் வளை வாசலில் மீசையை நீட்டி நீட்டி, தொட்டுக்கொள்ள ஆளைத் தேடிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போதுதான் உண்மையான பயம் பிடித்தது. வேலாயுதம் போன பிறகும் போகிறதென்றால் என்ன இது? பேயா? அதற்கப்புறம்தான் ஒன்றைக் கவனித்தேன். இடது மூலையில் இருந்த அந்த முஷ்டிக் கல், வளைக்குப் பக்கத்தில் இருந்தது. துரைசாணி நகர்த்தியிருப்பாள் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் இன்னும் ஒரு விரற்கடை நெருங்கியிருந்தது. குச்சி நுனியில் இறால் துண்டைக் குத்தி அதன் பக்கத்தில் மெதுவாகக் கொண்டுபோனேன். கல் வாயைத் திறந்தது. கண் இமைக்கிற நேரம்கூட இல்லை. துண்டைக் காணோம். கொஞ்சம் மணல் எழும்பி அடங்கியது. கல் பழையபடி கல்லாகவே இருந்தது.

நான் குச்சியைப் போட்டுவிட்டுச் சுவரோடு சாய்ந்து நின்றேன். அதே தண்ணீரில் மூன்று வாரமாகத் தினமும் முழங்கை வரைக்கும் கையை விட்டு, மிஞ்சிய தீனியைப் பொறுக்கியிருக்கிறேன். அதற்குள் துரைசாணி வந்துவிட்டாள். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, தனியாக நிற்கிற இறாலை வேறு பாத்திரத்துக்கு மாற்றுகிறேன் என்று சொல்லியபடியே கையைத் தண்ணீருக்குள் இறக்கினாள். நான் கத்திக்கொண்டு பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். வேலைக்காரி ஒரு துரைசாணியைத் தொட்டு இழுப்பது அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவள் முகம் சிவந்துவிட்டது. நான் இன்னொரு துண்டு இறாலைக் குத்திக் காட்டினேன். கல் மறுபடியும் வாயைத் திறந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். முதுகில் விஷமுள் உள்ள மீன் அது, கடலில் அதை மிதித்தவர்கள் வலியிலேயே செத்திருக்கிறார்கள் என்று பிறகு கொழும்பிலிருந்து தகவல் வந்தது. "நானே வச்சேன், ஆயா. எல்லாத்திலும் நல்லதுன்னு நானே வச்சேன்" என்று அவள் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

துரை பகல் சாப்பாட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் கேட்டார். என்னைப் பார்த்து, "நல்ல வேலை செஞ்ச" என்றார். பிறகு ஏதோ ஞாபகம் வந்த மாதிரி நின்று, "அப்ப அந்த தோட்டக்காரன்? நீ பாத்ததா? கை போட்டதா?" என்று கேட்டார்.

தம்பி, அது ஒரு நிமிஷம். கதவு திறந்துதான் இருந்தது. இல்லீங்க தொரை, பயத்தில் சொன்னேன், அவனைக் கூப்பிட்டு வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தோட்டத்துக் கங்காணியை அனுப்பி நாலு தோட்டத்தில் தேடிக் கொண்டுவந்திருப்பார்கள். அன்றைக்கு என்மேல் அவர்களுக்கு நல்ல மனசு இருந்தது, மன்னித்துமிருக்கலாம். ஆனால் அவருக்குப் பின்னால் அந்த மேசை இருந்தது. நான், "பாத்தேங்க தொரை" என்றேன். துரைசாணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவள் சீமைக்குப் போகும் வரைக்கும் என்னை அந்தத் தொட்டிப் பக்கம் கூப்பிடவே இல்லை. சாயங்காலம் மேசையைத் துடைக்கும்போது கையெழுத்து விழுந்திருந்தது. அந்தக் கடிதத்தால்தான் நமக்குப் பிரஜாவுரிமைப் பத்திரம் கிடைத்தது. நீ படித்து வாத்தியார் ஆனாய்.

வேலாயுதத்துக்கு என்ன ஆனது என்று நான் தேடவே இல்லை. தேடினால் தெரிந்துவிடுமே என்ற பயம். ஞாயிற்றுக்கிழமை அதை அவரே சொன்னார். நீ உள்ளே பேசிக்கொண்டிருந்தபோது அவர் என்னை அடையாளம் கண்டு, "பங்களா அக்காதானே!" என்று பூரித்துப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார். அங்கிருந்து போன பிறகு கொத்மலைப் பக்கம் தோட்டம் தோட்டமாக அலைந்திருக்கிறார்கள். பத்துச்சீட்டு வாங்கினவனுக்கு எந்தத் துரையும் கடிதம் தரவில்லை. மனு நிற்கவில்லை. இப்போது இரண்டு அரசாங்கமும் பேசி முடித்து ஆள் அனுப்பப்போகிறார்கள் அல்லவா, அதில் தங்களுக்கு இந்தியாதான் என்று முடிவாகிவிட்டதாகச் சொன்னார். அங்கே அவருக்கு ஊர் பேர் தெரியாது, ஒரு மனிதரைத் தெரியாது. "ஒங்க மகனுக்குப் பத்திரம் இருக்கு. எம் பொண்ணாச்சும் பொறந்த மண்ணுல இருக்கட்டும். மகனும் கொஞ்ச நாளு அவ கூட இருக்கட்டும். சாமி மாதிரி வந்தீங்கக்கா" என்றார். சாமி என்று சொன்னார், தம்பி. அதைக் கேட்டுவிட்டுத்தான் ரயிலில் நடுங்கினேன்.

வியாழக்கிழமை உனக்குச் சொல்லாமல் நான் வட்டகொடைக்குப் போனேன். அவர் மனைவி கொழுந்து பறிக்கப் போயிருந்தாள். அவர் லயத்துக்குப் பின்னால் விறகு பிளந்துகொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முடித்த பிறகு கேட்டார்.

"அந்த மீனக் கண்டுபிடிச்ச பெறகும் பாத்தேன்னுதான் சொன்னீங்களா?"

"ஆமாங்க."

"மொத தடவ பயந்துட்டீங்க. சரி. ஒங்க எடத்துல நானா இருந்தாலும் பயந்திருப்பேன். ரெண்டாவது தடவ, நான் ஒண்ணும் பண்ணலன்னு ஒங்களுக்கே தெரியும்லக்கா?"

அவர் கோடாலியை வைத்துவிட்டு எழுந்து மலைக்கு மேலே நடந்து போய்விட்டார். நான் ஸ்டேஷனுக்கு வந்து உட்கார்ந்தேன். ரயில் வருகிற நேரத்துக்கு மூச்சிரைக்க வந்தார். என் பக்கத்தில் உட்காரவில்லை. "கல்யாணம் நடக்கட்டும். ஒங்க மகன்மேல எனக்கு ஒண்ணும் இல்ல. நீங்க மட்டும் அன்னைக்கு அங்க நிக்காதீங்க. ஒங்க கையால அச்சத விழுறத என்னால பாத்துக்கிட்டு நிக்க முடியாது. பொண்ணுக்கு நான் சொல்லப்போறதில்ல. சொல்லணும்னா ஒங்க மகன் சொல்லட்டும்" என்றார். போய்விட்டார்.

இதுதான் காரணம். பெண்ணைக் கரைசேர்க்க வேண்டுமே என்று அவர் வாயை மூடிக்கொள்கிறார். என்னைக் காப்பாற்ற வேண்டுமே என்று நீ வாயை மூடிக்கொள்ளாதே. தாலி கட்டுவதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை அவளிடம் கொடு. படித்துவிட்டு அவள் வேண்டாம் என்றால் சமாதானம் சொல்லாதே, கெஞ்சாதே, அது அவள் உரிமை. அவள் சம்மதித்தால், அதற்காக என்னை மன்னித்துவிட்டாள் என்று நீயாக நினைத்துக்கொண்டு என்னிடம் அழைத்து வராதே. அவளாக எப்போது வருகிறாளோ அப்போது வரட்டும். நீ இனிமேல் என்னை எப்படிப் பார்ப்பாய் என்று நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. இதற்கு முன்னால் உன்னிடம் நான் பயந்ததே இல்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். துரை இரண்டாம் தடவை கேட்டதும் நான் பதில் சொன்னதும் எழுதியிருக்கிற பக்கம் ஒன்று இருக்கிறதே, அதை மட்டும் எடுத்துவிட்டுக் கொடுக்கலாம் என்று உனக்குத் தோன்றும். எழுதும்போது எனக்கே மூன்று தடவை தோன்றியது. எடுக்காதே.

உன் அம்மா